மைட்டர் மெஷினில் கட்டிய மஞ்சள் கயிறு

மாதேஷின் கவனக்குறைவாம்! அப்படித்தான் அந்தக் காகிதத்தில் அடித்திருந்தது. "தொழிலாளி தன் சொந்த விருப்பத்தின் பேரில் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கட்டிவைத்துப் பணிபுரிந்ததால்" என்று ஆரம்பித்து, "நிர்வாகத்துக்கு இதில் எவ்விதப் பொறுப்பும் இல்லை" என்று முடிந்தது. காவேரி இரண்டு முறை படித்தாள். முதல் முறை, புரியவில்லையே என்று படித்தாள். இரண்டாம் முறை, ஒரு மனுசன் வாய் கூசாமல் இப்படியும் எழுதுவானா என்று படித்தாள்.

"படிச்சுட்டியாம்மா?" என்றான் மரப்பட்டறை முதலாளி பிரகாஷ், தேனொழுக. "கீழ சாட்சின்னு கோடு போட்டிருக்குது பாரு, அங்க உன் கையெழுத்து. மேல மாதேஷ் போடுவான். பதினோரு மணிக்கு லேபர் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் மேடம் வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி ரெண்டு பேரும் போட்டுட்டீங்கன்னா பிரச்சனை தீந்துச்சு."

யாருக்குத் தீர்ந்தது? மாதேஷின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய் மூன்று வாரம் ஆகிறது. போனது போதாதென்று பழியையும் அவன் தலையிலேயே கட்டி, அதற்குச் சாட்சியாக அவன் அண்ணி காவேரியையே கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறான் இந்த ஆள்.

மாதேஷ் அங்கேதான் இருந்தான். சில்வர் ஓக் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னவோ அவன்தான் யார் விரலையோ வெட்டிவிட்ட மாதிரித் தலை குனிந்திருந்தான். முதலாளியே மாரமங்கலத்தில் அவர்கள் வீடு வரைக்கும் வந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். என்ன ஒரு மரியாதை! விரல் அறுந்த அன்று அந்தக் காரைக் கேட்டதற்கு, சீட்டெல்லாம் கறையாகும் என்று சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவன்.

"போட்டுர்றேன் அண்ணி. உடுங்க," என்றான் மாதேஷ் தரையைப் பார்த்தபடி. "எம்மேலதான் தப்பு."

அவன் அப்படிச் சொல்வதுதான் காவேரியைக் கொன்றது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். இருபத்தேழு வயதில், தன் விரலைத் தானே வெட்டிக்கொண்ட பொறுப்பில்லாதவன் என்ற பேரோடு அவன் காலம் முழுக்க நடக்க வேண்டும். அவன் பொறுப்பில்லாதவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பட்டறைக்கு அவனைக் கூட்டி வந்து சேர்த்ததே அவள்தான்.

மரத்தைக் கோணம் பார்த்து அறுக்கும் அந்த மைட்டர் மெஷினைப் பற்றி இந்த நாகலூர்ப் பட்டறையில் யாரைவிடவும் அவளுக்குத்தான் தெரியும். சேலத்தில் ஒரு மாதம் தங்கிப் பயிற்சி எடுத்து வந்தவள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, பிளேடுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் அளந்து மேடையில் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்தாள். "மெஷினு ஓடறப்ப இந்தக் கோட்டுக்குள்ள எவன் கை வந்தாலும் எங்கிட்ட அடி வாங்குவீங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருத்தன் வாங்கியும் இருக்கிறான்.

நேர்வெட்டு ஒரு விதம், சாய்வெட்டு வேறு விதம். ஜன்னல் சட்டத்தின் மூலைகள் இடைவெளி தெரியாமல் சேர வேண்டுமென்றால் பிளேடை நாற்பத்தைந்து டிகிரிக்குத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பிய பிளேடு மரத்தை அறுப்பதோடு நிற்காது. பக்கவாட்டில் தள்ளிக்கொண்டும் போகும். கையால் என்ன அழுத்திப் பிடித்தாலும் மரம் வழுக்கும். மரம் போகும் திசையில் அதைப் பிடித்திருக்கும் கையும் போகும். அதனால்தான் மரத்தை மேடையோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு முறுக்கி வைப்பது. துண்டு சின்னதாக வேண்டுமா? நீளக் கட்டையிலேயே கோணத்தை வெட்டிக்கொண்டு, அப்புறம் அளவுக்கு நறுக்கு. சுவிட்சை அமுக்கியதும் இறக்காதே. முழு வேகம் பிடிக்கட்டும். வெட்டி முடித்தால் சுவிட்சை விடு, பிளேடு நிற்கும் வரை கைப்பிடியைத் தூக்காதே, வெட்டு விழுந்த துண்டை எடுக்கப் பறக்காதே. இதையெல்லாம் மாதேஷுக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவனும் ஒரு வருசம் பிசகாமல் அப்படித்தான் வெட்டினான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கவர். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் மூடி. கைப்பிடியை இறக்கினால் தானாக மேலே ஏறும். தூக்கினால் தானாக இறங்கிப் பல்லை மூடிக்கொள்ளும். ஐப்பசியில் பனிமூட்டம் பட்டறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. ஈரத்தில் மரத்தூள் அந்த ஸ்பிரிங்கில் அப்பிக்கொண்டு கவர் சண்டித்தனம் பண்ணும். தினமும் காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பிரஷால் துடைத்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிச வேலை.

அந்த ஐந்து நிமிசம் பிரகாஷுக்குப் பொறுக்கவில்லை! ஏற்காட்டில் புதிதாகக் கட்டும் ஒரு ரிசார்ட்டுக்கு எண்ணூறு மூலை வெட்டித் தர வேண்டும், கிறிஸ்துமசுக்குள். மிளகுக்கொடி கட்டும் கயிற்றை எடுத்து வந்து கவரை மேலே தூக்கி இழுத்துக் கட்டினான். காவேரி அறுத்துப் போட்டாள். மறுபடியும் கட்டினான். மறுபடியும் அறுத்தாள்.

"ஏனுங்க மொதலாளி, பிளேடு உங்களுதுங்க. கை எங்களுதுங்க," என்றாள் அன்றைக்கு. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

அப்புறம் வந்தது ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு நிறுத்தியிருந்தார்கள். பிரகாஷ் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, கையில் தடிமனான மஞ்சள் கயிற்றோடு வந்தான். மலையையே காக்கும் சாமியான சேர்வராயன் கோயிலில் வைத்து அர்ச்சனை செய்து வாங்கி வந்ததாம். மைட்டர் மெஷினுக்கு முதுகை மறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்று கட்டினான். விலகியபோது கவர் மேலே போய்க் கைப்பிடியோடு ஒட்டி நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு விரலி மஞ்சள், ஒரு செவ்வந்திப்பூ. கற்பூரம் காட்டினான். "ஆர்டர் முடியற வரைக்கும் இந்தக் கயித்த யாரும் அவுக்கக் கூடாது. எல்லாத்தையும் சேர்வராயன் பார்த்துக்குவார்," என்றான்.

சமவெளியிலிருந்து வந்த பிரகாஷுக்கு மலைக்காரர்களைப் பற்றி வேறு எது தெரியுமோ தெரியாதோ, இது நன்றாகத் தெரிந்திருந்தது. மிளகுக் கயிறென்றால் அறுப்பார்கள். சேர்வராயன் கயிற்றை எவன் அறுப்பான்? பட்டறையில் இருந்த ஐந்து பேரும் வரிசையில் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காவேரியும் ஒற்றிக்கொண்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இரண்டு முறை வீரமாக அறுத்தவளுக்கு மூன்றாம் முறை கை எழவில்லை.

மறுநாளே அவளை உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்கு மாற்றினான். அவள் மெதுவாக வெட்டுகிறாளாம். மாதேஷை மெஷினில் நிறுத்தி, "கிளாம்பு முறுக்கிட்டு நின்னா கிறிஸ்துமஸ் அடுத்த வருசந்தான் வரும்" என்று கிளாம்பையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. அரைச் சாண் துண்டைக் கையால் பிடித்துச் சாய்வெட்டுப் போட்டான் மாதேஷ். மரம் வழுக்கியது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவன் அழவில்லை. அவள் காதில் ஒன்று சொன்னான். "திங்கக்கெழம அந்தக் கயித்து முடிச்ச அவுக்கலாம்னு ஒருதாட்டி தொட்டுப்போட்டேன் அண்ணி. தொட்டுட்டு பயந்து உட்டுட்டேன். மறுநாளே பாருங்க." காவேரி என்னென்னவோ சொல்லித் தேற்றினாள். அதற்குள் பிரகாஷ் ஆப்பிளும் ஆர்லிக்ஸுமாக வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, மாதேஷ் வாயாலேயே அந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சாமி குத்தம்டா மாதேஷ். மனசப் போட்டுக் குழப்பிக்காத," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கிலிருந்து மாதேஷின் தலை நிமிரவில்லை.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஷெர்லின் மழைக்கோட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தார். சின்ன வயசு. வந்ததும் நாற்காலியைக்கூடப் பார்க்காமல் நேரே மைட்டர் மெஷின் முன்னால் போய் நின்றார். விபத்து நடந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வைத்திருந்தான் பிரகாஷ். காய்ந்து கறுத்த செவ்வந்தி, மஞ்சள் கயிறு, மேலே தூக்கிய கவர், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பிளேடு.

"இது என்ன?"

"அதைத்தான் மேடம் நான் எங்க போய்ச் சொல்றது," என்று பிரகாஷ் ஆரம்பித்தான். "மலைக்காரங்க. சாமி சாமின்னு எல்லாத்துலயும் கயித்தக் கட்டிருவாங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மெஷினுல கட்டாதீங்கன்னு. கேட்டாத்தானுங்க? மூடநம்பிக்கை. பையன் பக்தியில கட்டிப்புட்டான், இன்னைக்கு விரல் போச்சு. நல்ல பையன் மேடம், அவனைத் திட்டாதீங்க."

காவேரிக்குக் காது இரண்டும் சூடேறியது. என்ன மனுசன் இவன்! கட்டும்போதும் சாமி, கழன்றுகொள்ளும்போதும் சாமியா? சேர்வராயனைக் காட்டி வாயை அடைத்தது ஒரு பாவம் என்றால், அதே சேர்வராயனைக் காட்டி இப்போது இளக்காரம் பண்ணுவது எத்தனை பாவம்?

"நீங்க யாரு?" என்று ஷெர்லின் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மெஷின ஓட்டிக்கிட்டிருந்தவளுங்க. காவேரிங்க. இவனோட அண்ணிங்க."

"சாய்வெட்டு எப்படிப் போடுவீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க. கரண்ட் இல்லாம."

காவேரி காட்டினாள். பிளக் கீழே கிடக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிளேடை நாற்பத்தைந்துக்குத் திருப்பிப் பூட்டினாள். நீளக் கட்டை ஒன்றை எடுத்துப் பின்தடுப்போடு ஒட்டிச் சாய்த்தாள். "இங்க கிளாம்பு வருமுங்க. இப்ப பீரோவுல இருக்குதுங்க, சாவி மொதலாளிகிட்ட," என்றாள். சிவப்புக் கோட்டைக் காட்டினாள். ஒரு கையைக் கோட்டுக்கு வெளியே வைத்து மறுகையால் கைப்பிடியை இறக்கி, எங்கே நிறுத்த வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷெர்லின் எழுதிக்கொண்டே வந்தார்.

"சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் மேடம்," என்று பிரகாஷ் இடையில் புகுந்தான். "வேலைன்னு வந்தா இதெல்லாம் நடக்குமா? நானே எத்தனையோ நாளு இந்த மெஷினுல நின்னு வெட்டியிருக்கேன். இந்தக் கயிறு இருக்கும்போதே வெட்டியிருக்கேன். நிதானம் இருந்தா ஒண்ணும் ஆகாது. பையனுக்கு நிதானம் பத்தல, அதான்."

பையனுக்கு நிதானம் பத்தலையாம்! காவேரி அதற்கு மேல் பொறுக்கவில்லை. நீளக் கட்டையை எடுத்து ஓரமாகச் சாத்தினாள். குப்பையில் கிடந்த அரைச் சாண் துண்டு ஒன்றைப் பொறுக்கி வந்து பிளேடுக்கு அடியில் வைத்தாள். குனிந்து பிளக்கைச் செருகினாள்.

"வாங்க மொதலாளி. நீங்க ஒரு வெட்டு போடுங்க."

"என்ன வெளையாடறியா?"

"வெளையாட்டு இல்லீங்க. அவன் புடிச்ச மாதிரியே புடிங்க. கிளாம்பு வேண்டாம், கவர் வேண்டாம். இடது கையில துண்டு, வலது கையில கைப்புடி. நிதானந்தான் உங்களுக்கு நெறய இருக்குதுங்களே. மேடமும் பாக்கட்டும்."

ஷெர்லின் பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். மாதேஷ் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு பெண்பிள்ளை, அதுவும் தன் பட்டறையில் கூலி வாங்குகிறவள், இன்ஸ்பெக்டர் எதிரில் கூப்பிடுகிறாள். பிரகாஷுக்கு ரோசம் வந்துவிட்டது. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். இடது கையை நீட்டித் துண்டைப் பிடித்தான். பிளேடின் பற்கள் அவன் நடுவிரலுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் நின்றன. வலது கை கைப்பிடிக்குப் போனது. சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. அவன் நெற்றியில், அந்தக் குளிரில், வேர்த்தது.

"அமுக்குங்க," என்றாள் காவேரி.

வெடுக்கென்று இரண்டு கையையும் இழுத்துக்கொண்டான். "ஏய், அறிவிருக்குதா உனக்கு? அந்தக் கம்பிய மொதல்ல அவுத்து உடு! கவர் எறங்காம எப்படி வெட்டறது, கை போயிருமில்ல!"

ஷெர்லின் ஓரடி முன்னால் வந்து கவரைக் குனிந்து பார்த்தார்.

"எந்தக் கம்பி?" என்றார் ஷெர்லின்.

பிரகாஷ் மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டான். "கயிறு... கயித்தத்தான் சொன்னேன் மேடம். வாய் தவறி..."

"இங்கே கயிறு மட்டும்தான் தெரியுது. காவேரி, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க." அவள் பிடுங்கியதும் ஷெர்லின் கயிற்றை இரண்டு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்தார். "இப்ப அந்தக் கயிற்றை அறுங்க."

காவேரி கத்தியை எடுத்தாள். மாதேஷ் "வேண்டாம் அண்ணி" என்று எழுந்தேவிட்டான். அவள் ஒரு நொடி கண்ணை மூடினாள். சாமி, இது உன்னுதாயிருந்தா என்னய மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அறுத்தாள். மஞ்சள் கயிறு சுருள் சுருளாகப் பிரிந்து மேடையில் விழுந்தது. கவர் இறங்கவில்லை. கயிறு இருந்த இடத்தில், கட்டடத்துக்குக் கம்பி கட்டுவார்களே அந்தக் கட்டுக்கம்பி, மூன்று சுற்று. கட்டிங் பிளேயரால் இறுக்கி முறுக்கி, முனையை உள்ளே மடக்கி விட்டிருந்தது. கயிறு சும்மா மேலே சுற்றிய போர்வை.

ஒரு மாதமாக வருவோர் போவோர் எல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது இந்தக் கம்பியைத்தான். காவேரி கத்தியை மேடையில் வைத்தாள். அவள் பிரகாஷின் பக்கம் திரும்பினாள். இத்தனை வருசத்தில் முதல்முறையாக மரியாதையை விட்டுப் பேசினாள்.

"கவரக் கட்டோணும்னா கட்டித் தொலைச்சிருக்க வேண்டியதுதானேய்யா. நான் அறுத்துப் போட்டிருப்பேன். எஞ்சாமிய எதுக்குய்யா உங்கம்பிக்குப் போர்வையாப் போர்த்துன? இவன் மூணு வாரமா சோறு எறங்காம, சாமி என்னயத் தண்டிச்சிருச்சு, சாமி என்னயத் தண்டிச்சிருச்சுன்னு பொலம்பிக்கிட்டுக் கெடக்கறான். ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து அதக் கேட்டியே, ஆமாடா சாமி குத்தந்தான்னு சொன்னியே, அப்பவாவது உனக்கு நாக்கு கூசலயா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"மேடம், கம்பியும் அவன்தான்..." என்று பிரகாஷ் ஆரம்பித்தான்.

"கயிற்றுக்குள்ளே கம்பி இருக்குன்னு இந்த அறையில உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துது," என்றார் ஷெர்லின். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. அப்புறம் கூப்பிடறேன்."

மாதேஷ் மெஷின் பக்கம் மெல்ல நடந்து வந்தான். வலது கையால் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். முறுக்கின் மேல் விரலை வைத்துத் தடவினான்.

"அப்ப, சாமி என்னய ஒண்ணும் பண்ணலீங்களா அண்ணி?"

"சாமி எதுக்குக் கண்ணு உன்னயப் பண்ணப் போகுது? இந்தாளு பண்ணுனது."

அவன் முகம் மாறுவதைக் காவேரி பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று வாரமாக அந்த முகத்தில் இருந்த பயம் போய், கோபம் ஏறியது. இப்படி ஒரு கோபத்தை அவன் முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. அவன் நேரே மேசைக்குப் போனான். அவன் கவனக்குறைவுதான் என்று அடித்த அந்தக் காகிதத்தை வலது கையால் எடுத்தான். கிழிக்கப் பார்த்தான். முடியவில்லை. இடது கை கட்டுக்குள் இருந்தது. கட்டைப் பிரித்தாலும் காகிதத்தைக் கவ்விப் பிடிக்க அந்த இரண்டு விரல் இல்லை. ஒரு காகிதத்தைக் கிழிக்கக்கூட இரண்டு கை வேண்டியிருக்கிறது.

காவேரி ஓடிப்போய்க் கை நீட்டினாள்.

"உடுங்க அண்ணி. நானே."

காகிதத்தின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையால் இழுத்துக் கிழித்தான். கிழிந்ததை மறுபடியும் கடித்து மறுபடியும் கிழித்தான். துண்டுகளைத் தரையில் துப்பினான். வாசற்படியில் நின்றுகொண்டிருந்த பிரகாஷ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மாதேஷ் அவன் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஷெர்லினுக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப நான் சொல்றேனுங்க மேடம். ஆயுத பூஜையில இருந்து எழுதிக்குங்க."